மாப்பிள்ளை நட்ட கொடி

அன்பும், அறிவும், எதையும் சிரித்துக்கொண்டே கேட்கிற பொறுமையும் ஒருங்கே வாய்த்த மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் வெகு நாளைக்குப் பிறகு பேனாவைப் பிடித்து எழுதிக்கொள்வது.

நீங்களும் என் மகள் பாப்பாவும் குறையொன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே வீடு நலம். மேசை, நாற்காலி, ஜன்னல் எல்லாம் நலம். லிஃப்ட், போன மாதம் பழுது பார்த்ததிலிருந்து நலம். உங்கள் அத்தையும் பார்த்தால் நலமாகத்தான் தெரிகிறது. அவள் வாயால் கேட்டு ஒன்பது நாளாகிறது. என் நலத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

கம்ப்யூட்டரில் தட்டினால் நொடியில் வந்துவிடுமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். கம்ப்யூட்டரைப் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறேன். அதன் முகத்தில் விழிக்க எனக்கு மனமில்லை. போனில் பேசலாமே என்பீர்கள். நம் வீட்டுச் சுவர் உங்களுக்குத் தெரியாததா? இந்த அறையில் கிசுகிசுத்தால் அந்த அறையிலிருந்து பதில் வரும். நான் கேட்கப்போவதோ உங்கள் அத்தை காதில் விழவே கூடாத விஷயம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அவளுடைய நாவலின் முதல் இருபத்தாறு அத்தியாயங்களைத் தொலைத்துவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அவை பதிப்பகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் இந்த வருடம் வெளியிடுகிற பட்டியலில் புத்தகம் இல்லை. இந்த வீட்டுப் பட்டியலில் நான் இல்லை. இத்தனைக்கும் காரணம், மாப்பிள்ளை, மரியாதை குறையாமல் சொல்கிறேன், நீங்கள்தான்.

போன வருடம் நீங்கள் வந்து நாலு நாள் தங்கினீர்களே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள். தாண்டித் தாண்டிப் போனதால்தான் இந்தக் கதி. முப்பத்து நாலு வருடம் ஆவண அறையில் குப்பை கொட்டியவன் நான். எழுபதாயிரம் கோப்பு. எதைக் கேட்டாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு போய் எடுத்து வருவேன், எடுத்த இடத்தில் ஒரு இளஞ்சிவப்புச் சீட்டைச் செருகாமல் நகர மாட்டேன். கம்ப்யூட்டர் வாங்கியதும் அதற்குள்ளேயும் அதே மாதிரி கட்டினேன். மாடிக்குள் அறை, அறைக்குள் வரிசை, வரிசைக்குள் அலமாரி, அலமாரிக்குள் தட்டு என்று உள்ளே உள்ளே பதினான்கு அடுக்கு. ஒன்றுக்கும் பெயர் கிடையாது, எல்லாம் எண்தான். பெயர் வைத்தால் கண்டவனும் கண்டுபிடித்துவிடுவானே! அந்தக் கருப்புத் திரையில் ஒவ்வொரு எண்ணாகத் தட்டித் தட்டி உள்ளே இறங்கிப் போவது எனக்குக் காலையில் ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிற மாதிரி. பின்னால் நின்று பார்த்த நீங்கள், ‘என்ன மாமா, ஒரு தாள் எடுக்க இவ்ளோ தூரம் போறீங்க?’ என்றீர்கள். ‘நடந்தா உடம்புக்கு நல்லது மாப்ள’ என்றேன். நீங்கள் கேட்டால்தானே?

டீ ஆறுவதற்குள் எங்கிருந்தோ ஒரு கருவியை இறக்கி, எனக்காகக் கட்டளைகளையெல்லாம் தமிழிலேயே மாற்றி வைத்தீர்கள். ‘நிக்கற எடத்துல ஒரு கொடி நடுங்க மாமா. கொடின்னு அடிச்சு, பக்கத்துல ஒரு பேர் போடுங்க. அப்புறம் எந்த மூலைல இருந்தாலும் தாவுன்னு அடிச்சு அந்தப் பேரைச் சொன்னா நேரா அங்க போய் நிப்பீங்க. பதினாலு படியும் வேணாம்’ என்றீர்கள். எனக்கு அன்றைக்கே மனதில் உறுத்தியது. ‘தாவிட்டா, நான் நின்ன எடத்துல சீட்டு யாரு வைப்பாங்க?’ என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். ‘சரி, உள்ள தாவியாச்சு. வெளிய எப்படி வர்றது?’ என்று கேட்டேன். ‘வெளிய வரவே வேணாம் மாமா, அப்படியே மூடிட்டுப் போயிடலாம்’ என்றீர்கள். அதெப்படி, மாப்பிள்ளை? ஒரு அறைக்குள் போன மனிதன் வாசல் வழியாக வெளியே வர வேண்டாமா? உங்களிடம் வாதாடவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ‘மேலே’ ‘மேலே’ என்று பதினான்கு தடவை தட்டி, அடுக்கடுக்காக வெளியே வந்த பிறகுதான் மூடினேன். உங்கள் அத்தை கூட, ‘என்ன, எல்லாக் கதவையும் பூட்டியாச்சா?’ என்று கேட்பாள். அப்போதெல்லாம் பேசிக்கொண்டிருந்தாள்.

இரண்டே கொடிதான் நட்டேன். முதல் கொடிக்குப் பெயர் ‘புகார்’. இந்தக் கட்டடத்தில் நாற்பத்தெட்டு வீடு, நாற்பத்தெட்டுக்கும் சேர்ந்து ஒரு சங்கம், அந்தச் சங்கத்துக்கு நான் செயலாளர். தேர்தல் நடந்த அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் போட்டியின்றித் தேர்வானேன். குழாய் சொட்டுகிறது, படிக்கட்டில் பல்பு எரியவில்லை என்று வருகிற புகாரையெல்லாம் அங்கே போட்டு வைத்து, அந்த வாரம் புதிதாகச் சேர்ந்த தாள்களைச் சனிக்கிழமை தோறும் நாற்பத்தெட்டு வீட்டுக்கும் அனுப்புவேன். அதற்கும் நீங்களே ‘அனுப்பு’ என்று ஒரு கட்டளை செய்து கொடுத்தீர்கள். நிற்கிற இடத்தில் புதிதாக இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடும், என்ன ஏது என்று கேட்காது. இரண்டாவது கொடிக்குப் பெயர் ‘கொலை’. அது உங்கள் அத்தையின் நாவல். ‘ஈரக் குடை’. அவள் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே சொல்லுவாள், நான் தட்டுவேன். நடுவில் சந்தேகம் வந்தால் கேட்பேன். ‘பிணத்தை லிஃப்ட்ல ஏத்தினானே, காவலாளி பதிவேட்டுல கையெழுத்துப் போட்டானா?’ என்று கேட்டால், ‘கொலைகாரன் எதுக்குங்க கையெழுத்துப் போடுவான்?’ என்பாள். ‘போட மாட்டான் சரி, காவலாளி எப்படி விட்டான்?’ என்பேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இப்படியாக ஒரு வருடத்தில் முப்பத்தொரு அத்தியாயம். அவள் எழுதுவது உங்களுக்கும் பாப்பாவுக்கும் எனக்கும் பதிப்பாசிரியருக்கும் தவிர ஈ காக்கைக்குத் தெரியாது. புத்தகமாக வரட்டும், அப்புறம் ஊருக்குச் சொல்லலாம் என்று சத்தியமே வாங்கியிருந்தாள்.

கொடி நட்ட சுகத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். பதினான்கு எண்ணையும் குறித்து வைத்திருந்த நோட்டுத் தாளைக் கிழித்து, ஆடுகிற நாற்காலிக் காலுக்கு அடியில் மடித்து வைத்துவிட்டேன். அது தேய்ந்து தூளாகி, பெருக்கும்போது போய்விட்டது. போனால் என்ன, தாவினால் போச்சு என்று இருந்துவிட்டேன்.

இனி வருவதுதான் விபரீதம். ஆறு வாரத்துக்கு முன்னால், புகார் அறையில் நின்றுகொண்டிருந்த ஏதோ ஒரு சாயங்காலம், ‘தாவு கொலை’ என்று அடிப்பதற்குப் பதிலாக ‘கொடி கொலை’ என்று அடித்திருக்கிறேன். அப்படித்தான் நடந்திருக்க வேண்டும், வேறு வழியில்லை. கொலைக் கொடி பழைய இடத்திலிருந்து பெயர்ந்து புகார் அறையில் வந்து நின்றுவிட்டது. உங்கள் கருவி ஒரு வார்த்தை கேட்டதா? ‘ஐயா, ஏற்கெனவே ஒரு கொலை இருக்கிறதே, அதை என்ன செய்வது?’ என்று கேட்க வேண்டாமா? எங்கள் ஆவண அறையில் ஒரு கோப்பை இந்தத் தட்டிலிருந்து அந்தத் தட்டுக்கு மாற்ற மூன்று பேர் கையெழுத்து வேண்டும். இங்கே ஒரு தட்டு, எல்லாம் முடிந்தது. அன்றிலிருந்து நான் ஒவ்வொரு நாளும் ‘தாவு கொலை’ என்று தாவி, இருபத்தேழாம் அத்தியாயத்தையும் அதற்கு அடுத்தடுத்ததையும் புகார்களோடு புகாராகப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்க மாட்டீர்களா என்பீர்கள். வேலை முடிந்ததும் எனக்குப் பதினான்கு கதவு இருக்கிறது பூட்ட, அதில் எங்கே பார்ப்பது?

அப்புறம் சனிக்கிழமை வந்தது. மாப்பிள்ளை, நான் சொல்வதை நம்புங்கள், வாழ்க்கையில் முதல் முறையாக என் அறிவிப்பை ஜனங்கள் படித்தார்கள். அதுவரை லிஃப்ட்டில் என்னைக் கண்டாலே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறவர்கள், ‘செயலாளரே, வாங்க வாங்க’ என்று இடம் விட்டார்கள். ஆறாம் மாடியில் தையல் வேலை செய்கிற அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘என்னா எழுத்து சார்! போன வாரம் முடிச்ச எடத்துல எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. ஊசியைக் கீழ வெச்சுட்டேன்’ என்றார். போன வாரம் நான் எழுதியது, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி பொருந்தவில்லை, விவரம் பின்னர் என்று. அதற்கே இவ்வளவு உருகுகிறாரே, எவ்வளவு பொறுப்பான பெண்மணி என்று நினைத்தேன். ‘அடுத்த வாரம் தெரிஞ்சுடுமா சார்?’ என்றார். ‘கண்டிப்பா. மூணு பேர்கிட்ட விலை கேட்டிருக்கேன்’ என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம் எல்லாம் இதே கதை. சங்கக் கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள்! நாற்காலி போதவில்லை. நான் கணக்கு வாசிக்கிறேன், ஜனங்கள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து கேட்கிறார்கள், ஏதோ சொல்லப்போகிறான் என்கிற மாதிரி. அன்றைக்குச் சாப்பிடும்போது உங்கள் அத்தையிடம், ‘என் எழுத்துக்கு இப்ப தனி மவுசு, தெரியுமா?’ என்றேன். அவள் தட்டைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. புரையேறிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

ஐந்தாவது சனிக்கிழமை காலை முப்பத்தொன்றாம் அத்தியாயம் முடிந்த சந்தோஷத்தில் இரண்டு காரியம் செய்தேன். ‘தாவு புகார், அனுப்பு’ என்று நாற்பத்தெட்டு வீட்டுக்கும் அனுப்பினேன். ‘தாவு கொலை’ என்று தாவி, அந்த அறையில் இருந்ததை ஒன்று விடாமல் பதிப்பாசிரியருக்கு அனுப்பினேன். இரண்டும் ஒரே அறை என்று இந்த மரமண்டைக்குத் தெரியாது. கைகளைத் தட்டிக்கொண்டு எழுந்து, பதினான்கு தடவை மேலே வந்து, ஒரு டீயும் குடித்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசல் மணி அடித்தது. மூன்றாம் மாடிப் பல் டாக்டர். பரம சாது. பல்லைப் பிடுங்கும்போது நம்மைவிட அவர்தான் அதிகமாக வேர்த்துப்போவார். உள்ளே வந்தார், உட்காரவில்லை, கையில் ஒரு கத்தை காகிதம்.

‘செயலாளரே, ஒரே ஒரு கேள்வி’ என்றார். ‘நான் யாரைக் கொன்னேன்?’

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ‘நீங்க எதுக்கு டாக்டர் கொல்லணும்?’ என்றேன்.

‘அதைத்தான் நானும் கேக்கறேன்! நான்தான் கொன்னேன்னு எழுதியிருக்கு. மூணாம் மாடி, பல் டாக்டர், நடந்தா கிறீச்சுன்னு சத்தம் போடற ஷூ. ஷூவைக் கூட விடல. எல்லாம் சரி, யாரைக் கொன்னேன், எதுக்குக் கொன்னேன், அதை மட்டும் சொல்லுங்க. வீட்ல கேக்கறாங்க. மத்தியானம் ஒரு அம்மாவை வாயைத் திறங்கன்னேன், முதல்ல செத்தது யாருன்னு சொல்லுங்க, அப்புறம் திறக்கறேங்கறாங்க. நான் என்ன பதில் சொல்றது?’

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். மேலே படிக்கட்டு பல்பு. அதற்கு அடுத்த பக்கம் ‘ஈரக் குடை, அத்தியாயம் முப்பத்தொன்று’. ஐந்து வாரம், ஐந்து அத்தியாயம், நாற்பத்தெட்டு வீடு! யார் கொன்றது என்று இந்தக் கட்டடம் முழுக்கத் தெரியும். யார் செத்தது என்று ஒரு வீட்டுக்கும் தெரியாது. திரும்பிப் பார்த்தால் உள்ளறை வாசலில் உங்கள் அத்தை நிற்கிறாள். அவ்வளவையும் கேட்டிருக்கிறாள். என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்குச் சாத்தின வாய், மாப்பிள்ளை, இன்னும் திறக்கவில்லை.

டாக்டரை எப்படியோ சமாளித்து அனுப்பினேன். வந்த ஆத்திரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நீங்கள் சொல்லிக் கொடுத்த இன்னொரு கட்டளையை அடித்தேன்: ‘கொடியிறக்கு எல்லாம்’. இறங்கட்டும், இந்தச் சனியனே வேண்டாம், இனிமேல் பழையபடி நடந்தே போகிறேன் என்று. எல்லாக் கொடியும் இறங்கிவிட்டது என்று திரையில் வந்தது. நிம்மதியாக மூச்சு விட்டு, எண்ணைத் தட்டி நடக்க ஆரம்பித்தேன். மாடி இரண்டு. அறை ஐந்து. வரிசை... வரிசை என்ன? மாப்பிள்ளை, எனக்கு நினைவில்லை. எழுபதாயிரம் கோப்பை மனதில் வைத்திருந்தவனுக்கு என் சொந்தக் கம்ப்யூட்டருக்குள் போக வழி தெரியவில்லை. ஒரு வருடம் தாவியே பழகிய கால், நடக்க மறந்துவிட்டது. ஒவ்வொரு அடுக்கிலும் முப்பது கதவு, எல்லாக் கதவிலும் வெறும் எண், எந்தப் படுபாவி இப்படிக் கட்டினான் என்று திட்டிக்கொண்டே போனேன், நான்தான் கட்டினேன் என்பது ஏழாவது அடுக்கில்தான் உறைத்தது. இரண்டு நாள் தேடினேன். ஒரு இடத்தில் பதினைந்து வருடத்துக்கு முந்தைய மின்சார ரசீது கிடைத்தது. இன்னொரு இடத்தில் உங்கள் கல்யாணப் பந்திக்கு வந்தவர்களின் பட்டியல் கிடைத்தது. கொலை கிடைக்கவில்லை. வெளியே வருகிற வழி மட்டும் நன்றாகத் தெரிகிறது, அதைத்தான் தினமும் பழகினேனே!

கொடியை இறக்கினால் கொடி மட்டும்தான் போகுமா, அல்லது அது நட்டிருந்த இடமும் சேர்ந்து போய்விடுமா, அதுதான் எனக்குத் தெரிய வேண்டும். ‘தாவு கொலை’ என்று அடித்தால், ‘அப்படி ஓர் இடம் இல்லை’ என்கிறது. கொடி இல்லை என்று சொல்லியிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். இடமே இல்லை என்கிறதே! இருபத்தாறு அத்தியாயத்தையும் நானே என் கையால் கொளுத்திவிட்டேனோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது போலப் புதன்கிழமை பதிப்பாசிரியர் போன் செய்தார். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினேன். ‘ஐயா, கதை இருபத்தேழாவது அத்தியாயத்துல ஆரம்பிக்குது. புது உத்தியா இருக்கும்னு தொடர்ந்து படிச்சேன். நடுநடுவுல நாலாவது மாடிக் குழாய் சொட்டுதுன்னு நாற்பத்து மூணு கடிதம் வருது. அந்தச் சொட்டுதான் துப்பா?’ என்றார். ‘அது துப்பு இல்லைங்க, அது நிஜமாவே சொட்டுது’ என்றேன். ‘அப்ப பிளம்பர் கொலைகாரன் இல்லையா?’ என்றார், ரொம்ப வருத்தமாக. இல்லை என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் முதல் இருபத்தாறும் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறு புத்தகம் போய்விடும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெளியே தலை காட்டவும் முடியவில்லை. இந்தச் சனிக்கிழமை நான் ஒன்றும் அனுப்பவில்லை அல்லவா, கட்டடமே கொந்தளித்துப் போயிருக்கிறது. லிஃப்ட்டில் ஏறினால் நாலு பேர் கூடவே ஏறுகிறார்கள், யாருமே இறங்க வேண்டிய மாடியை அழுத்துவதில்லை. ‘செத்தது யாரு சார், அதை மட்டும் காதோட சொல்லிடுங்க’ என்கிறார்கள். தையல்கார அம்மா, என் சட்டைக்கெல்லாம் இலவசமாகப் பொத்தான் தைத்துத் தருவதாக ஆசை காட்டுகிறார். தட்டியவன் நான், எனக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் எழுதியவள் வாய் திறக்காதபோது தட்டியவன் வாய் திறக்கலாமா? முப்பத்து நாலு வருடம் ரகசியம் காத்த வாய் இது. அதனால் மூன்று நாளாகப் படி இறங்கவில்லை.

உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது, மாப்பிள்ளை? புத்தகம், பதிப்பகம், வெள்ளிக்கிழமை எல்லாம் ஒரு பக்கம். அவள் பேசாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. டீ வருகிறது, சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள். சாப்பாடு வருகிறது, மூடி வைத்துவிட்டுப் போகிறாள். மற்ற நேரமெல்லாம் உள்ளறைக் கதவு சாத்தியே இருக்கிறது. காதை வைத்துக் கேட்டேன், கீறுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், விசும்புகிறாள் போலிருக்கிறது. ஒரு வருடம் அவள் கதையைச் சொல்லச் சொல்ல நான் தட்டினேனே, என் வாழ்க்கையிலேயே நல்ல வருடம் அதுதான். வேலையில் இருந்தபோது என்னிடம் வந்த கோப்பெல்லாம் முடிந்துபோன விஷயம். இது ஒன்றுதான் என் கண்ணெதிரே உண்டானது. இதைப் போய் நானே தொலைத்தேனே! அவள் குரல் இல்லாமல் இந்த வீடு வீடாகவே இல்லை. திட்டினாலும் போதும், நிம்மதியாகத் தூங்குவேன்.

ஆகையால், இந்தக் கடிதம் கண்டவுடன் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் புறப்பட்டு வரவும். பாப்பாவிடம் சும்மா பார்க்கப் போகிறேன் என்று சொல்லவும். வந்து அந்த இருபத்தாறையும் தோண்டி எடுத்துக் கொடுக்கவும். கொடுத்த பிறகு உங்கள் கருவியை வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்விடவும். உயிர் உள்ளவரை இனி நான் தாவுவதாக இல்லை. தபால் பெட்டி வரைக்கும் போனால் கட்டடத்து ஆட்கள் மறித்துக்கொள்வார்கள் என்பதால், கடிதத்தை நன்றாக ஒட்டி, உங்கள் அத்தை கடைக்குப் போகும்போது எடுத்துப்போகிற பை மேல் வைத்துவிடுகிறேன். பேசாவிட்டாலும் தபாலில் சேர்த்துவிடுவாள். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற ரகம் இல்லை அவள்.

நீங்களும் பாப்பாவும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே நூறு வயது வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம். யாராவது குறுக்கு வழி சொன்னால் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
செயலாளர் (ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன், கொடுக்கத்தான் ஆள் இல்லை)

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது உங்கள் அத்தை. கெட்டில் ஆவியில் உறையைப் பிரித்தேன். பத்தொன்பதாம் அத்தியாயத்துக்காகப் பழகியது. நீங்கள் புறப்பட வேண்டாம். நாவல் பத்திரமாக இருக்கிறது. கதவு எண்ணை அழித்தால் வீடா இடிந்துவிடும்? ஒரு வருடம் அவர் தட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கு அது கூடவா தெரியாது? அவர் நோட்டைக் கிழிப்பதற்கு முன்பே பதினான்கு எண்ணையும் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டேன். பதிப்பாசிரியர் போன் செய்த மறுநாள், இவர் குளிக்கப் போன நேரத்தில் போர்வையை விலக்கி, நடந்தே உள்ளே போய், விட்டுப்போன இருபத்தாறையும் வரிசையாக அனுப்பிவிட்டேன். பதிப்பாசிரியருக்கு ரொம்பப் பிடித்திருக்கிறதாம். குழாய்க் கடிதத்தில் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கூடவே கூடாது என்றுவிட்டேன்.

இன்னொன்று. கொலைக் கொடியைப் புகார் அறையில் நட்டது அவர் இல்லை, நான். எவ்வளவு நாள்தான் இவர் ஒருவருக்கே கதை சொல்வது? எதைச் சொன்னாலும் ‘பதிவேட்டில் கையெழுத்துப் போட்டானா’ என்கிறார். நாலு பேர் படித்தால் பயப்படுகிறார்களா என்று பார்க்க வேண்டியிருந்தது. முதல் அத்தியாயத்திலிருந்து அனுப்பினால் யாரும் படித்திருக்க மாட்டார்கள். கொன்றது யாரென்று தெரிந்து, செத்தது யாரென்று தெரியாமல் இருந்தால்தான் மனிதர்களுக்கு இருப்புக் கொள்ளாது. இப்போது நாற்பத்தெட்டு வீடும் புத்தகம் எப்போது வரும் என்று காத்திருக்கிறது. பல் டாக்டர் ஒருவருக்கு மட்டும், பாவம், யாரைக் கொன்றார் என்று போன வாரமே ரகசியமாகச் சொல்லிவிட்டேன். ‘அந்த ஆளையா? அப்ப சரி’ என்று சந்தோஷமாகப் போனார்.

எனக்குக் கோபமும் இல்லை, விசும்பலும் இல்லை. கதவுக்குப் பின்னால் கேட்டது என் பேனா. அடுத்த நாவலைக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். குறுக்கே ஒரு கேள்வி இல்லாமல் ஒன்பது நாளில் ஏழு அத்தியாயம்! கல்யாணமானதிலிருந்து இவ்வளவு அமைதியாக நான் இருந்ததே இல்லை. இன்னும் இரண்டு வாரம் இப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் என் குரல் இல்லாமல் வீடு வீடாக இல்லை என்று எழுதியிருக்கிறாரே, அதைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. டீயை வைக்கும்போது, ‘சூடா இருக்கு, பாத்துக் குடிங்க’ என்று நாலே வார்த்தை சொன்னேன். பாவம், மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது பேச ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரம் ஆகிறது, நான் இதை எழுதும்போதும் பேசிக்கொண்டிருக்கிறார். புதுக் கதையில் ஒரு சங்கச் செயலாளரைப் பத்தாவது அத்தியாயத்தில் கொல்வதாக வைத்திருந்தேன். முதல் அத்தியாயத்துக்கே மாற்றிவிட்டேன்.